செங்கல் படம் ஒட்டிய சுவர்

எங்கள் எதிர்வீட்டுக்காரரைக் கமாண்டர் என்றுதான் மாடி முழுக்கச் சொல்வோம். பட்டாளமெல்லாம் ஒன்றுமில்லை, திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறார். எலி ஓடினால் கட்டில்மேல் ஏறுகிற வீரர். லைசென்ஸ் வாங்கி, கைத்துப்பாக்கி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நடையே மாறிவிட்டது. இடுப்பில் அது இல்லாதபோதும் ஒரு கையை அகட்டி வைத்துக்கொண்டே மாடிப்படி இறங்குவார்.

அவர் மனைவிக்கோ அன்றோடு தூக்கம் போயிற்று.

“அது வெளிய போகணுங்க. சுவருக்கு அந்தப் பக்கம் எங்கம்மா இருக்காங்க.”

“உனக்கென்ன தெரியும்? ரைஃபிள் தோட்டாதான் சுவரைத் துளைக்கும். விசாரிச்சுதான் பிஸ்டல் வாங்கினேன். சுவர்ல பட்டா அங்கயே நின்னுடும்.”

சொல்லிவிட்டுச் சுவரைத் தட்டினார். அட்டைப்பெட்டியைத் தட்டுகிற சத்தம் என் வீட்டுக்கே கேட்டது. கதவைத் திறந்து வைத்துப் பேசினால் காதை நான் எங்கே கழற்றி வைப்பது?

பெரிய ஒரே கூடமாக இருந்ததை ஜிப்சம் பலகை வைத்து மூன்று அறையாகத் தடுத்தவர் இவர்தான். அதன்மேல் தன் கடையில் விற்காமல் கிடந்த செங்கல் படக் காகிதத்தை ஒட்டினார். கொஞ்ச நாளில் அது செங்கல்தான் என்று அவரே நம்பிவிட்டார்.

கடைசி அறை அவர் மாமியாருக்கு. காலையில் மெத்தை நாற்காலியில் உட்காருவார். அலுத்துப்போனால் என் சமையலறைக்கு வருவார். “வம்பு மடத்துக்குக் கிளம்பியாச்சா?” என்று கமாண்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் கேட்டார். அந்த அம்மாள் காதில் வாங்காமல் வந்துவிட்டார். கீழ்வீட்டுப் பல் டாக்டருக்கு இரண்டாவது தடவையாக நிச்சயம் நின்றுபோன கதையில் பாதி சொல்லியிருப்பேன், டமார்!

ஓடினோம். கமாண்டர் துடைக்கிற துணியோடு வெளிறி நின்றார். தோட்டாக்கூட்டைக் கழற்றியவர், குழலுக்குள் ஒன்று மிச்சம் இருப்பதைப் பார்க்கவில்லை.

“ஒண்ணும் ஆகல. சுவர்லயே மாட்டிக்கிச்சு” என்றபடி கடிகாரத்தை எடுத்து ஓட்டைமேல் மாட்டினார்.

மாமியார் நெஞ்சைப் பிடித்தபடி தன் அறைக்கு உட்காரப் போனார். உட்காரவில்லை.

“அடியே, இங்க வந்து பாரு!”

நாற்காலி முதுகில், சரியாக நடுவில், அவர் விரல் உள்ளே போயிருந்தது.

மனைவியின் தம்பி துப்பாக்கி சுடும் கூடத்தில் பயிற்சி கொடுப்பவன். அவனைக் கூப்பிட்டார்கள். வந்தவன் முதலில் துப்பாக்கியைக் காலி செய்தான். பிறகு கடிகாரத்தைக் கழற்றி, வழி பார்த்துக்கொண்டே போனான். முதல் தடுப்பு, துணி அலமாரி, அதற்குள் தொங்கிய கமாண்டரின் கோட்டுகள், இரண்டாவது தடுப்பு, நாற்காலி. கடைசியில் வெளிச்சுவர். அது நிஜச் செங்கல். தோட்டா அங்கேதான் நின்றிருந்தது.

“அத்தான், இது ரெண்டு அட்டை, நடுவுல காத்து. ரைஃபிளோ பிஸ்டலோ, எல்லாம் பூந்துதான் போகும். லேசான ரைஃபிள் தோட்டாவாவது சில நேரம் பட்டதும் புரண்டு உடையும். உங்களோடது கனமான குண்டு, அலுங்காம நேரா போயிருக்கு.”

“அப்ப ரைஃபிளே வாங்கியிருக்கலாங்கிறியா?”

தம்பி அக்காவைப் பார்த்தான். இந்த மனிதரோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறாய் என்கிற பார்வை.

அவள் கமாண்டர் பக்கம் திரும்பினாள். நாற்காலியை அதே இடத்தில் நேராக்கி வைத்தாள்.

“இனிமே காலி பண்ணிட்டுத்தான் தொடைப்பீங்களா?”

“சத்தியமா.”

“பயமே வேண்டாமா?”

“துளிகூட வேண்டாம்.”

“சரி. இப்ப காலியாதான் இருக்கு. அந்த ரூம்ல உக்காந்து நான் தொடைக்கிறேன். நீங்க இதுல உக்காருங்க.”

கமாண்டர் நாற்காலியைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். போயும் போயும் என்னைப் பார்த்தார்.

“எனக்கு… இடுப்பு வலி. நின்னுக்கறேன்.”

அன்று சாயங்காலமே மச்சினன் அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்த் துப்பாக்கியை ஒப்படைக்க வைத்தான். மறுநாள் காலையில் மாமியார் டாக்டர் கதையின் மிச்சத்தைக் கேட்க என் வீட்டுக்குக் கிளம்பினார். கமாண்டர் வாசலில்தான் நின்றிருந்தார். வம்பு மடம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. கதவை மட்டும் அகலத் திறந்துவிட்டார்.