மயிலைச் சோடிக்குத் தீனி

எங்கூர்ச் சனங்ககிட்ட ஒரு கெட்ட பழக்கம் இருக்குதுங்க. கல்யாணச் சோத்துல உப்பே இல்லீன்னாலும், எப்பிடி இருக்குதுன்னு கேட்டா, "நெம்ப நல்லா இருக்குதுங்க"ன்னுதான் சொல்லுவாங்க. மரியாதையாமா! எனக்கு மட்டும் அந்த மரியாதை ஒட்டவே இல்லை. பிரவீனா வாயத் தொறந்தா பட்டாசுன்னு எங்கம்மாவே சொல்லும். அந்த வாயை வெச்சுக்கிட்டும் என்னால ஒண்ணையும் காப்பாத்த முடியலீங்க, அதுதான் வயித்தெரிச்சல்.

சிங்காநல்லூர்ல ஒரு மாடி ரூமுல நானும் சபரீசும் சேந்து போனுல ஆடற ரேக்ளா வண்டிப் பந்தயக் கேம் ஒண்ணு பண்ணுனோம். நான் கோடு எழுதுவேன், அவன் படம் வரைவான். காங்கேயம் காளை ஒரு சோடி, ரெண்டும் சாம்பல் பூத்த மயிலை. வெரல்ல தட்டுனா வண்டி பறக்கும். ஓடி முடிச்சா கட்டுத்தரைக்கு ஓட்டியாந்து தண்ணி காட்டோணும், தீனிக்குக் காஞ்ச சோளத்தட்டு போடோணும். தட்டைப் போட்டா ரெண்டும் காதை ஆட்டிக்கிட்டு திங்கும். அவ்வளவுதான் கேமு. ஒருக்கா காசு குடுத்து வாங்குனாப் போதும், சிக்னல் இல்லாத காட்டுக்குள்ளயும் ஓடும். சனங்களுக்கு நெம்பப் புடிச்சுப் போச்சு. காந்திபுரத்துல டவுன் பஸ்சுக்கு நிக்கறவங்க கையில எங்க காளைக ஓடறதைப் பாத்துட்டு, சபரீசு அன்னைக்கு ரெண்டு பஸ்சை உட்டுட்டான்.

அப்பறந்தான் அந்தப் பெரிய கம்பெனி வந்துது. வெளிநாடு. பேரு வேண்டாமுங்க, உலகம் பூராவும் கேம் வெளியிடறவங்க. எங்க கேமையும் எங்களையும் ஒட்டுக்கா வாங்கிக்கிட்டாங்க. இன்னும் ஏழெட்டுப் பேரை வேலைக்குச் சேத்தோம், ஏசி போட்டோம். சபரீசு ஊட்டுல பொண்ணு பாக்கவே ஆரம்பிச்சுட்டாங்க.

எங்களப் பாத்துக்க பெங்களூர் ஆபீசுல இருந்து நேஹான்னு ஒரு புள்ளையை அனுப்புனாங்க. பீளமேட்டு நாயுடு ஊட்டுப் புள்ளைதான், நம்ம பேச்சு நல்லாவே புரியும். கெட்டிக்காரி. அவதான் மேல இருந்து வந்த உத்தரவைச் சொன்னா. கம்பெனி அதுக்கு முன்னால ஒரு சண்டைக் கேமுல கோடிகோடியா கொட்டி, அது ஊத்திக்கிச்சாமா. வெளம்பரத்துக்கே பாதி போச்சாமா. அந்த ஓட்டையை அடைக்க, இனி எல்லாக் கேமும் தெனமும் சம்பாரிக்கோணும்.

"தட்டுக்குக் காசு வாங்கலாம்னு சொல்றாங்கக்கா" அப்படின்னா.

"எந்தத் தட்டுக்கு?"

"காளைக்குப் போடற தட்டுக்கு. காசு கட்டலைன்னா காளை எளைச்சுக்கிட்டே போகோணும். விலா எலும்பு தெரியோணும். கத்தோணும்."

நான் எந்திரிச்சு நின்னுட்டேன். "ஏம்மா, மாட்டைப் பட்டினி போட்டு அது கத்தறதைக் காட்டிக் காசு கேக்கறதா? இதுக்குப் பிச்சை எடுக்கலாமே!" பாவம் அந்தப் புள்ளை, அவளா சட்டம் போட்டா? சபரீசு பக்கம் திரும்புனேன். அவன் ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு, "வரைஞ்சரலாமுங்க" அப்படீங்கறான்! விலா எலும்பை ஒவ்வொண்ணா வரைஞ்சான். வரைஞ்சு முடிச்சு மீட்டிங்குல காட்டி, எப்பிடி இருக்குதுன்னு கம்பெனிக்காரங்க கேட்டப்ப, "நல்லாத்தானுங்க இருக்குது"ன்னான். அன்னைக்கு மத்தியானம் அவன் சாப்பிடலை.

வெளியிடறதுக்கு முன்னால நம்ம சனத்தைக் கூட்டி ஆட உட்டுப் பாக்கோணும்னாங்க. சிங்காநல்லூர்ல ஒரு கல்யாண மண்டபம் புடிச்சு, பல பக்கம் இருந்தும் ஆளுகளைக் கூப்புட்டோம். காங்கேயத்துல இருந்து பாலுசாமின்னு ஒருத்தர் வந்தாரு. தோட்டங்காடு, மாடுகன்னு வெச்சிருக்கறவரு, எங்க பழைய கேமை ஆடிஆடி போன் கண்ணாடியவே தேச்சவரு. சோதனைக்குன்னு எல்லார்த்துக்கும் அவங்கவங்க போனுல புதுக் கேமையும் கொஞ்சம் காசும் ஏத்திக் குடுத்தோம். அது தீந்தா நிறுத்திக்கலாம், கட்டாயமில்லைன்னும் சொன்னோம்.

காளைக கத்த ஆரம்பிச்சுதுங்க பாருங்க, மண்டபத்துல ஒருத்தரும் போனை உட்டுத் தலை தூக்கலை. ஆரும் நிறுத்தலை. ஏத்திக் குடுத்த காசு தீந்ததும் சொந்தக் காசைப் போட்டாங்க. பாலுசாமி ஓட்டறதையே உட்டுட்டாரு. தட்டு வாங்கறாரு, போடறாரு, சித்தெ நேரங்கழிச்சு மறுக்காக் கத்துது, மறுக்கா வாங்கறாரு. நெத்தியெல்லாம் வேர்வை.

சாயங்காலம் நேஹா ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி எப்பிடி இருந்துச்சுன்னு கேட்டா. நாங்க போட்ட விருந்தை வயிறாரச் சாப்பிட்ட எடத்துல எவன் கொறை சொல்லுவான்? "நெம்ப நல்லா இருக்குதுங்க அம்மணி" எல்லாரும் அதேதான். பாலுசாமியும் அதேதான். எல்லாரையும் உட எச்சாச் செலவு பண்ணுனவருன்னு மைக்குல கூப்புட்டு அவருக்கு ஒரு பனியன் பரிசு குடுத்தாங்க. ரெண்டு கையும் நீட்டி வாங்கிக்கிட்டுப் போனாரு.

நேஹாவுக்குத் தல கால் புரியலை. "அக்கா, எந்த ஊருலயும் இவ்வளவு காசு போட்டதில்லை! எவ்வளவு ஆசையா ஆடறாங்க!"

"ஆசையில்லை கண்ணு, பரிதவிப்பு. அந்தச் சனம் மறுக்கா கேமைத் தொறக்குதான்னு பாரு."

ஒரு வாரம் பாத்தா. வந்திருந்தவங்கள்ல ஒருத்தருகூடத் தொறக்கலை. காட்டு வேலையா இருக்கும்னு மொதல்ல சமாளிச்சா. அப்பறம் அவளே, "வாங்கக்கா, காங்கேயம் போயிட்டு வந்தர்லாம்"னா.

பாலுசாமி ஊட்டுல மோர் குடுத்தாரு, முறுக்கு வெச்சாரு. கேமைப் பத்தி நேஹா கேட்டா. "அதுக்கென்னங்க அம்மணி, அருமையான கேமுங்க"ன்னாரு. எனக்கு வந்துது பாருங்க கோவம்.

"ஏனுங்கய்யா, அருமைன்னா அப்பறம் ஏன் ஆடலை? மூஞ்சிக்கு நேரா ஒருக்கா நெசத்தைச் சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

அவரு துண்டை எடுத்துத் தோள்ல போட்டாரு, எடுத்தாரு, மறுக்காப் போட்டாரு. கட்டுத்தரையில நெசமான மயிலை ஒண்ணு தட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னுது. அதைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "தப்பா நெனைக்காதீங்க அம்மணி. அந்தக் கேமைப் போனுல இருந்து எடுத்துப்போட்டனுங்க. எத்தனை போட்டாலும் அதுக பசி அடங்க மாட்டீங்குது. தீனி போட முடியாதவன் மாடு வெச்சிருக்கக் கூடாதுங்க."

நேஹா மோர் டம்ளரைக் கீழ வெச்சா. திரும்பி வாரப்போ காருல, பல்லடம் தாண்டினதும், "நானே மேல சொல்றேன்க்கா"ன்னா.

சொன்னா. அதை நான் மறுக்க மாட்டேன். "காளை பட்டினி கெடக்கறதைப் பாத்து சனங்க வேதனைப்படறாங்க, கேமை உட்டுட்டுப் போயிருவாங்க"ன்னு பளிச்சுன்னு மேல எழுதுனா. அவளுக்கு மேல இருந்தவரு அவருக்கு மேல இருந்தவர்கிட்ட, "சனங்க கொஞ்சம் உணர்ச்சிவசப்படறாங்க"ன்னாரு. அவரு இன்னும் மேல, "காளையோட உணர்வுபூர்வமா ஒன்றிப் போயிட்டாங்க"ன்னாரு. உச்சியில இருந்த பெரியவருக்கு ஒரே சந்தோசம். எங்கூர்ல மட்டுந்தான் இந்தக் கெட்ட பழக்கம்னு நெனைச்சேன், உலகம் பூராவும் அதேதானுங்க! இன்னும் ஒரு எலும்பு எச்சாத் தெரியட்டும்னு சபரீசுக்கு உத்தரவு வந்துது.

வெளியிட்டாங்க. சினிமா நடிகரை வெச்சு வெளம்பரம், பஸ்சு முதுகெல்லாம் எங்க காளைக. மொத வாரம் காசு கொட்டுச்சு, பெங்களூர்ல கேக்கு வெட்டுனாங்க. அடுத்த மாசமே காத்து வாங்குச்சு. வாங்குனவங்க எல்லாம் கம்பெனியத் திட்டித் தீத்தாங்க. அதிலயும் எங்க சனம், "இப்பிடிப் பண்ணலாமுங்களா"ன்னு மரியாதையாத் திட்டுச்சு. வெளம்பரத்துக்குப் போட்ட மொதலே திரும்பலை. கேமையும் மூடி, எங்க ஆபீசையும் மூடுனாங்க. நேஹாவுக்கும் சேத்து வேலை போச்சு. எங்க காளைகளையாவது திருப்பிக் குடுங்கன்னு எழுதிக் கேட்டேன். அது கம்பெனிச் சொத்து, தர முடியாதுன்னுட்டாங்க. புதுக் கேமு அவங்க சர்வரு இருந்தாத்தான் தொறக்கும், பழைய கேமையும் அப்டேட்டுல அழிச்சாச்சு. அதைத் தொட்டுப் பாத்தா இப்ப வெறும் கறுப்புதான். ஆருக்கும் வேண்டாததைக்கூட உடாம வெச்சிருக்காங்க பாருங்க, வைக்கப்போருல படுத்த நாயாட்டம்!

நேத்து மத்தியானம் நானும் சபரீசும் ரூமைக் காலி பண்ணி, கம்ப்யூட்டரை எல்லாம் பெட்டியில கட்டிக்கிட்டு இருந்தோம். போன் வந்துது. பாலுசாமி.

"ஏனுங்க அம்மணி, சும்மாதானுங்க கூப்புட்டேன். அந்தச் சோடி இப்ப எப்பிடி இருக்குதுங்க? ஆராச்சும் தீனி போடறாங்களா?"

கையில இருந்த வயரைப் பெட்டியில போட்டேன். அவரே மறுக்காப் பேசுனாரு.

"சிரிக்காதீங்க. கேமுன்னு எனக்கும் தெரியுமுங்க. இருந்தாலும் கத்தற மாட்டை அப்பிடியே உட்டுட்டு வந்துட்டனேன்னு மனசு கேக்க மாட்டீங்குது. ஆரும் இல்லீன்னா எனக்கே குடுத்துப்போடுங்க, நான் பாத்துக்கறேன்."

சபரீசு பெட்டிய உட்டுட்டு என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தான். நெசத்தைச் சொல்லுங்கன்னு அவரு ஊட்டுலயே போயி கத்துனவ நான்.

"நல்லா இருக்குதுங்க ஐயா" அப்படின்னேன். "ரெண்டும் நெம்ப நல்லா இருக்குதுங்க."