மாதோங் ஒன்று, படுக்கையறைக்கு

எங்கள் வீட்டு வாசலில் கருங்கல் பலகை ஒன்று பதித்திருக்கிறார்கள். "சீனச் சிங் அரச வம்சக் காலத்துக் குடியிருப்பு. பாதுகாக்கப்பட்டது" என்று பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறது. பதித்த அன்றைக்குப் பட்டாசு வெடித்தார்கள். நானும் பல்லை இளித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன். பாதுகாப்பு வீட்டுக்கு மட்டும்தான், உள்ளே குடியிருக்கிறவர்களுக்குக் கிடையாது என்று இந்த மரமண்டைக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்றிலிருந்து சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் மனு, கூரையில் உடைந்த ஓட்டை மாற்றவும் மனு. பின்கட்டில் பன்றிக்கொட்டில் இருந்தது, அதை ஒட்டி எங்கள் குழிக் கக்கூஸ். நாற்பது வருஷத்துக் கட்டடம்தானே, "காலத்துக்கு ஒவ்வாதது" என்று இடித்துத் தள்ளி, குழியை மூடி, மேலே மூங்கில் நட்டுவிட்டுப் போனார்கள். மூங்கில் காலத்துக்கு ஒத்துப்போகிறதாம். நல்லது, அது எங்கேயும் எழுந்து போக வேண்டியதில்லை.

எங்களுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள். கிராமத்து நுழைவாயிலில் சுற்றுலாக் கம்பெனி கட்டிய கழிப்பறை, நான்கு நட்சத்திரம் வாங்கியது. உள்ளே பாட்டுப் பாடும், மல்லிகை மணக்கும். எங்கள் வாசலிலிருந்து நானூறு தப்படி, நடுவில் ஒரு கல்பாலம், பதினோரு படி. கால் நன்றாக இருக்கிறவர்களுக்குக் குறையொன்றும் இல்லை.

போன குளிர்காலத்தில் என் வீட்டுக்காரர் கென்ஷூய்க்குப் பக்கவாதம் வந்தது. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். ஹார்ன் அடிப்பதற்குப் பதிலாக ஜன்னலில் தலையை நீட்டிக் கத்துகிற ஆள். இடது கால் விளங்காமல் போய்விட்டது. குந்த முடியாது, படியேற முடியாது. படுக்கையறையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை வைத்துச் சமாளித்தோம். அந்தப் படுக்கையறையோ பார்வையாளர் போகும் வழியில் இருக்கிறது! எங்கள் கட்டிலில் அதிர்ஷ்டத்துக்காகச் செதுக்கியிருக்கும் வௌவால்களைப் பார்க்கக் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரைக்கும் ஜனங்கள் வருவார்கள். கட்டிலில் கிடக்கிற மனிதரையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் அந்தத் தொட்டியை மூடி எடுத்துக்கொண்டு சந்தில் போனேன். கம்பெனிக் காவலாளி வழிமறித்தான்.

"அக்கா, இதையெல்லாம் பார்வையாளர் நேரத்துல தூக்கிட்டு வராதீங்க. காட்சி கெடுது."

"நீ வீட்டுல போறதே இல்லையாடா? உன் காட்சி கெடலையா?" என்று கத்தினேன். கத்தினது வீட்டுக்குள் கேட்டுவிட்டது. அன்றோடு கென்ஷூய் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்.

"ஒரு வாய் குடிய்யா."

"வேணாம் யின்தி. உள்ள போனா வெளிய வரும். வெளிய வந்தா நீ தூக்கணும்."

உதடு வெடித்தது, சிறுநீர் செங்கல் நிறத்தில் வந்தது. இப்படியே விட்டால் சிறுநீரகம் கெட்டுப் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெருவே மெச்சும் வீட்டில் என் மனுஷன் தாகத்தில் செத்துப்போவாரோ என்று பயந்தேன்.

மரபுப் பாதுகாப்பு அலுவலகத்தில் துணை இயக்குநர் லுவோவைப் போய்ப் பார்த்தேன். மெல்லிய குரல்காரர். முடியாது என்பதைக்கூடத் தேனில் குழைத்துத்தான் சொல்வார்.

"அண்ணி, உங்க கஷ்டம் எனக்குப் புரியாதா? ஆனா தரைக்கல்லைப் பேர்த்துக் குழாய் போடக் கூடாது. எதுக்கும் மனு போட்டு வைங்க, குழு பார்க்கட்டும்."

மனுவில் "பொருள்" என்ற கட்டம் கட்டைவிரல் அகலம்தான் இருந்தது. உட்கார்ந்து போகிற பீங்கானை மனதில் வைத்து, "மாதோங் ஒன்று, படுக்கையறைக்கு" என்று நெருக்கி எழுதிக் கொடுத்தேன். மூன்று முத்திரை விழ ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் அவருக்கு ஸ்பூனில் கஞ்சி ஊற்றினேன், அதற்கும் கெஞ்சினேன்.

பிறகு ஒரு நாள் போன் வந்தது. அனுமதி கிடைத்துவிட்டதாம்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்து வீட்டுப் பிளம்பர் மாவ்ஷெங் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, எங்கே தண்ணீர்க் குழாய், எங்கே கழிவுக் குழாய் என்று சாக்பீஸில் கோடு போட்டான். கென்ஷூய் அன்று அரைக் குவளை தேநீர் குடித்தார்.

மறுநாள் வேன் வந்தது. சிவப்பு ரிப்பன் கட்டிய பெட்டியை ஒரே ஆள் அலுங்காமல் தூக்கி வந்தான். பீங்கானை இப்படி ஒற்றை ஆள் தூக்க முடியாதே என்று அப்போதே எனக்குத் திக்கென்றது. திறந்தார்கள். உள்ளே சிவப்பு அரக்குப் பூசி, பித்தளை வளையம் போட்ட ஒரு மர வாளி, மூடியோடு.

அந்தக் காலத்தில் கல்யாணப் பெண்ணோடு சீராக வருமே, முட்டையும் பேரீச்சையும் போட்டு, அந்த வாளி. ராத்திரி உட்காருவதற்கு அதுதான். அதற்கும் எங்கள் ஊரில் மாதோங் என்றுதான் பெயர். தண்ணீரை இழுத்து விடுகிற பீங்கானுக்கும் அதே பெயர்தான். நான் பெயரை மட்டும் எழுதித் தொலைத்திருந்தேன்.

லுவோவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"குழுவுல ரெண்டு பேருக்குக் கண்ணே கலங்கிடுச்சு அண்ணி! எல்லாரும் ஏசி வேணும், அலுமினிய ஜன்னல் வேணும்னுதான் மனு போடறாங்க. மாதோங் கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

"நான் கேட்டது பீங்கான் சார்."

"மனுவுல அப்படி எழுதலையே."

"இந்தக் காலத்துல மாதோங்னா வேற என்ன? உங்க வீட்டுல எது இருக்கு?"

"எங்க வீடு அடுக்குமாடி அண்ணி. அதுக்கு மரபு கிடையாது."

நெஞ்சு கொதித்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டேன். "சரி, தொலையட்டும். இதுலயாவது உட்காரலாமா?"

"ஐயையோ! நூத்தம்பது வருஷத்துப் பொருள். தொடவே கூடாது."

கட்டிலுக்கு எதிரே வாளியை வைத்து, சுற்றிலும் கயிறு கட்டி, விளக்கம் எழுதிய அட்டையை மாட்டினார்கள். வாளிக்குள் ஐந்து சிவப்பு முட்டை.

"அந்த முட்டையில ஒண்ணு குடு," என்றார் கென்ஷூய்.

"பிளாஸ்டிக்யா."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்புறம் கஞ்சிக்கும் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் மாகாணத் தலைநகரிலிருந்து பதினோரு விருந்தினர்கள் வந்தார்கள். லுவோ கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். "இது செத்துப்போன அருங்காட்சியகம் இல்லை. இது வாழும் மரபு. இங்கே ஒவ்வொரு பொருளும் இன்றும் மூச்சு விடுகிறது!"

கட்டிலிலிருந்து கென்ஷூய் கூப்பிட்டார். "யின்தி, என்னைத் தூக்கு."

"எதுக்குய்யா?"

"தூக்குன்னா தூக்கு."

ஆளே பாதியாகிப் போயிருந்தார். தூக்க எனக்குச் சிரமமாக இல்லை, அதுதான் வலித்தது. நல்ல காலால் கயிற்றைத் தட்டிவிட்டார். மூடியை எடுத்தேன், முட்டைகளைப் பொறுக்கினேன். பதினோரு பேர் முன்னால் அவரை உட்கார வைத்து, என் மேல்கோட்டைக் கழற்றி மடியில் போர்த்தினேன்.

"அண்ணி! அது காட்சிப் பொருள்!"

"மூச்சு விடுதுன்னு இப்பதானே சார் சொன்னீங்க," என்றார் கென்ஷூய். "விடட்டும்."

அந்தச் சத்தம் மட்டும் எல்லோருக்கும் கேட்டது. ஓர் அம்மாள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டாள். ஒருவர் எங்கள் வௌவால்களை அப்படி உற்றுப் பார்த்தார், எண்ணிக் கணக்கெடுப்பவர்கூடத் தோற்றுவிடுவார். பிளாஸ்டிக் தொட்டிக்குக் கூச்சப்பட்டுப் பட்டினி கிடந்த மனுஷன் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை பொங்கி வந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் படட்டும் என்று விட்டுவிட்டேன்.

அபராதம் வரும் என்று காத்திருந்தோம். பத்தாம் நாள் ஒரு கடிதம் வந்தது. அரும்பொருளுக்கு ஈரத்தாலும் உப்பாலும் சேதம் வரக்கூடுமாம். ஆகவே அதை அவ்வப்போது கழுவ, படுக்கையறையை ஒட்டித் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் உள்ள சிறிய அறை உடனே கட்டப்படுமாம். மூன்று முத்திரையும் ஒரே நாளில் விழுந்திருந்தன. தரைக்கல்லைப் பேர்த்தார்கள். மாவ்ஷெங் சாக்பீஸில் கோடு போட்ட அதே இடத்தில்தான் குழாய் போனது. மனுஷனுக்குப் பெயராத கல் வாளிக்குப் பெயர்ந்தது. கதவில் ஒரு போர்டும் மாட்டிவிட்டுப் போனார்கள்: "அரும்பொருள் கழுவும் அறை. மனிதர்களுக்கு அனுமதி இல்லை."

அவர்கள் வேன் பாலத்தைத் தாண்டியதும் மாவ்ஷெங் பீங்கானைக் கொண்டுவந்து இறக்கினான். சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் அடித்துக் கொடுத்தான். அந்த ஆணிக்கு மனு போடவில்லை.

இப்போது கென்ஷூய் நாளைக்கு ஆறு குவளை தண்ணீர் குடிக்கிறார். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. காலையில் அந்த அறைக்குள் போனால் லாரியில் பாடின பாட்டெல்லாம் பாடி முடித்துவிட்டுத்தான் வருவார்.

போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் லுவோ வந்து நின்றார். உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. போர்டைப் படித்தார், கதவைத் தட்டினார். பாட்டு நின்றது.

"உள்ளே யாரு?"

உள்ளேயிருந்து கென்ஷூய் லாரிக் குரலில் கத்தினார்.

"வாளி!"

லுவோ என்னைப் பார்த்தார். இரண்டு முழம் தள்ளி, கயிற்றுக்குள் இருந்த வாளியையும் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, "ஆய்வு நேரத்தில் வாளி கழுவப்பட்டுக்கொண்டிருந்தது" என்று எழுதி, சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார். போட்டுக் கொடுத்தேன்.