பன்னிரண்டு நிமிடம்

வெளி வக்கீல்கள் அனுப்பும் பில்களில் வேண்டாததை வெட்டுவதுதான் அவள் வேலை. கம்பெனியின் சட்டப் பிரிவில் அவளுக்குக் கத்திரி என்றே பெயர். வக்கீல்கள் ஆறு ஆறு நிமிடமாகக் கணக்கு எழுதுவார்கள். ஒரே கடிதத்தை இருவர் படித்திருந்தால் ஒருவர் கணக்கை அடித்துவிடுவாள்.

கம்பெனி ஆலையில் பாய்லர் வெடித்து இரண்டு பேர் செத்த வழக்கும் அவள் மேஜைக்கே வந்தது. பழி விழுந்தது பாய்லர் ஆபரேட்டர் மேல். அவர் அவள் அக்கா புருஷன். அவருக்காக வாதாடக் கம்பெனியே வக்கீல் வைத்தது. உறவை வெளியே சொன்னால் கோப்பைப் பிடுங்கிவிடுவார்கள். தன் கையில் இருந்தால் அத்தானுக்கு நல்லது என்று வாயை மூடிக்கொண்டாள்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம். வக்கீலின் செலவு மதிப்பீட்டில், 'சம்பவ இடத்தைப் பார்க்க இரண்டு நாள்' என்று இருந்தது. பயணச் செலவை அவள் யாருக்கும் விட்டதில்லை. இதை மட்டும் விட்டால் மேலாளர் துருவுவார். 'புகைப்படம் போதும்' என்று எழுதி, சிவப்பு மையால் அடித்தாள்.

"இவர் நின்ன இடத்திலிருந்து வால்வு கைக்கு எட்டுமா?" என்றார் நீதிபதி. வக்கீல் புகைப்படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வால்வு தெரிந்தது. குறுக்கே ஓடிய குழாய்கள் படத்தில் விழவில்லை. அத்தானுக்கு மூன்று வருடம்.

"ஒரு தடவை வந்து பார்த்திருந்தா போதும்டி. சோம்பேறிப் பய," என்று அக்கா வக்கீலைச் சபித்தாள்.

"சாப்டியாக்கா?" என்று மட்டும் கேட்டாள் இவள்.

அடுத்த பில்லில் ஒரு வரி: 'கைதியின் மனைவியுடன் பேச்சு, பன்னிரண்டு நிமிடம்.' ஆறுதலுக்குக் காசு கிடையாது. அவளே எழுதிய விதி. ஆனாலும் அதை அடிக்காமல் மேலாளரிடம் வைத்தாள்.

"என்னம்மா, கத்திரி மழுங்கிடுச்சா? அழுகை கேட்டதுக்கெல்லாம் நாம தண்டம் கட்டணுமா?" சிரித்துக்கொண்டே அவரே அடித்தார்.

மேஜைக்குத் திரும்பினாள். மேல்முறையீட்டுக்கான மதிப்பீடு வந்திருந்தது. இந்த முறை வக்கீல் பயணத்தைக் கேட்கவே இல்லை. சூடு கண்ட பூனை. வெட்ட அதில் ஒன்றுமில்லை.

அடியில் அவளே எழுதினாள்: 'சம்பவ இடத்தைப் பார்க்க இரண்டு நாள்.' காரணம் என்ற கட்டத்தில், 'முன்பு நான் வெட்டியது. அவர் என் அக்கா புருஷன்.'

சாயங்காலத்துக்குள் கோப்பு எதிர் மேஜைக்குப் போய்விட்டது. அங்கேயும் ஒரு சிவப்புப் பேனா இருந்தது.