ஈரக்குடைக்குப் பதில்

அம்மாவின் மடிக்கணினியை அணைக்கத்தான் அவன் அறைக்குள் வந்தான். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், இப்போது கூடத்தில் படுக்க வைக்கப்பட்டிருந்தாள். கணினி ‘டிங்’ என்னும்போதெல்லாம் துக்கம் கேட்க வந்தவர்கள் அழுகையை நிறுத்தி, தத்தம் போனைத் தடவிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்கள்.

மனச்சோர்வுக்கு இணையத்தில் பாடம் நடத்தும் நிறுவனத்தில் அம்மா வழிகாட்டி. படிப்பவர்கள் புனைபெயரில் எழுதுவார்கள். திரையில் ‘ஈரக்குடை’ என்றொருவர்.

“அக்கா, இருக்கீங்களா? இன்னிக்கு ரொம்ப மோசம். தனியா இருக்கவே பயமா இருக்கு.”

அவன் நிறுவனத்துக்குப் போன் செய்தான்.

“ஆழ்ந்த அனுதாபம் தம்பி. ஆனா நீங்க அதைப் படிச்சதே விதிமீறல்,” என்றார் மேற்பார்வையாளர்.

“அப்புறமா திட்டுங்க சார். முதல்ல அவங்களக் கூப்பிடுங்க.”

“நம்பர் வாங்கறதில்ல. ஆள் யாருன்னு தெரியாம இருக்கறதுதான் எங்க சிறப்பே. திங்கட்கிழமை வேற வழிகாட்டி வருவாங்க. அதுவரைக்கும் தானா ஒரு செய்தி போகும்.”

போயிற்று. ‘உங்கள் வழிகாட்டி விடுப்பில் உள்ளார். மூச்சுப் பயிற்சிப் பாடத்தை மீண்டும் பார்க்கவும்.’

விடுப்பில் உள்ளவளுக்குச் சித்தி தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“சரி. தொந்தரவுக்கு மன்னிக்கணும்,” என்றது ஈரக்குடை.

விடைபெறுவது போன்ற அந்த மரியாதையைப் படித்ததும் அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அவசரமாகத் தட்டினான்: “இருக்கேம்மா. சொல்லு.”

“அக்கா என்னை வாங்க போங்கன்னுதான் பேசுவாங்க. நீ மெஷினா?”

வாசலில் சித்தி. “டேய், வண்டி வந்தாச்சு. பெத்தவள எடுக்கற நேரத்துல என்னடா தட்டிக்கிட்டு?”

“ஒரு நிமிஷம் சித்தி.”

“அவ காத்திருப்பா. வண்டிக்காரன் இருப்பானா?”

உண்மையைச் சொன்னால் அந்த ஆள் என்ன ஆவாரோ. இன்னொரு பொய்யைச் சொல்லவோ கை வரவில்லை.

“மெஷின் இல்ல. அவங்க பையன். அம்மா காலைல இறந்துட்டாங்க. வேணும்னு உங்களை விட்டுட்டுப் போகல. பக்கத்துல யார் இருக்கா? போய்க் கதவைத் தட்டுங்க. நான் இங்கயேதான் இருக்கேன்.”

ஈரக்குடை எழுதுவதைக் காட்டும் மூன்று புள்ளிகள் துடித்தன. நின்றன. கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கும் சத்தம் கேட்டது. புள்ளிகள் மறுபடி வந்தன. மறுபடி காணாமல் போயின.

“டேய்!”

‘டிங்.’

“எதிர்வீட்டுல தட்டிட்டேன். தாழ்ப்பாள் திறக்கற சத்தம் கேக்குது.”

பிறகு இன்னொன்று: “நீ சாப்பிட்டியா தம்பி?”

திரையை மூடாமல், இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு அவன் படியிறங்கினான். வண்டிக்குள் சித்தி அவனைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் அம்மாவின் கால்மாட்டில் நகர்ந்து இடம் விட்டாள்.