இடது காலில் ஓடிய ஆறு

சலூன்காரரின் இடது காலில் ஆறு ஓடத் தொடங்கியது அவருடைய நாற்பத்தாறாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்துச் சுருண்டிருந்த நரம்புகளுக்குள் தண்ணீர் சலசலத்ததை நாற்காலியில் இருந்தவர்தான் முதலில் கேட்டார். கேட்டவர் பாதிச் சவரத்திலேயே தூங்கிப்போனார். பிறகு அந்தச் சத்தத்துக்காகவே ஆட்கள் வந்தார்கள், வழுக்கைத் தலையர்கள்கூட. ஆனால் இருபது வருடம் நின்றே உழைத்த கால் அது. சாயங்காலமானால் வீங்கிக் கனத்தது. இப்படியே போனால் புண் வைக்கும், கடையை மூட வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

அதே டாக்டர் அப்போது வல்லாரை இலை ரத்தக்குழாய்களுக்கு உண்மையிலேயே நல்லதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். நாற்பது பேர், பன்னிரண்டு வாரம். பாதிப் பேருக்கு இலைச்சாறு மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்பது டாக்டருக்கே தெரியாது. கணுக்கால் அளவுகளைக் குறித்துவைப்பது அந்த டாக்டரிடம் சலூன்காரரின் மனைவிக்கு வேலை. சலூன்காரரும் அந்த நாற்பது பேரில் ஒருவராகச் சேர்ந்துகொண்டார். ஏழாவது வாரம் வீக்கம் வடிந்தது, ஒன்பதாவது வாரம் ஆறு நின்றது. "இலைன்னா இலைதான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

கடைசியில், யாருக்கு எது என்று எழுதி ஒட்டிவைத்திருந்த உறையைப் பிரித்தார்கள். இலை தின்றவர்களுக்கு வீக்கம் கொஞ்சம் அதிகமாகவே குறைந்திருந்தது. ஆனால் நாற்பது பேரை வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சலூன்காரருக்குப் போனது மாவு. சொன்னால் வீக்கம் திரும்பிவிடுமோ என்று மனைவி மூன்று நாள் வாய் திறக்கவில்லை. அதற்குமேல் அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என்னங்க, உங்களுக்குக் கொடுத்தது மாவுங்க."

"சும்மா விளையாடாதே."

"நானே பார்த்தேன். இலை ஒரு துளிகூட இல்ல."

அவர் குனிந்து தன் இடது காலைத் தடவிப் பார்த்தார். "அப்ப இத்தனை நாளா மாவையா புகழ்ந்துட்டிருந்தேன்?" என்று சிரிக்கத் தொடங்கி, புரையேறும்வரை சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஆறு மறுபடி ஓட ஆரம்பித்தது. மனைவி பதறிப்போய் அளவு நாடாவை எடுத்தாள். வீக்கம் இல்லை. டாக்டரும் மூன்று தடவை அளந்தார், இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இறுக்கமான காலுறை ஒன்றைக் கொடுத்து, நடுநடுவே உட்காரச் சொன்னார். 'வீக்கம் இல்லை, சத்தம் உண்டு, காரணம் தெரியவில்லை' என்று மனைவி அறிக்கையில் எழுதினாள். டாக்டர் கீழே கையெழுத்துப் போட்டார்.

இப்போதும் மழைக்காலத்தில் காலுறையைக் கழற்றினால் ஒரு பிடி ஆற்றுமணல் உதிரும். மனைவி அதைக் கூட்டி அள்ளி ரோஜாத் தொட்டியில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவாள்.