கை தூக்காத ஹாப்வெல்

சிங்கப்பூர் டன்லப் தெரு வாசகர் சங்கத்தின் தலைவர் ஃபாரூக்கை நஃபீசா வெறுத்தாள் என்று சொன்னால் அது கொஞ்சம் அதிகம். வெறுப்பதற்கு எதிரில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

நஃபீசா, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கக் கூடத்தில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வந்தாள். அந்த வகுப்பைத் தொடரலாமா என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானம் வந்தது. வாசலெல்லாம் செருப்பு, கூடமெல்லாம் வியர்வை வாடை என்று சிலர் முகம் சுளித்தார்கள். கைகளை எண்ணினால் சரிபாதி. தலைவர் கை தூக்கினால் முடிந்தது.

ஃபாரூக் கைபேசியைக் காதில் வைத்தபடி எழுந்தார். “சாரி, அர்ஜென்ட் கால்.”

போனவர் போனவர்தான். பெரும்பான்மை கிடைக்காமல் வகுப்பு நின்றது.

கூட்டம் கலைந்த பிறகு படிக்கட்டில் நஃபீசாவைப் பிடித்தார். “கோவிச்சுக்காதீங்க டீச்சர். நான் ரெண்டு பக்கமும் பாக்கணும் லா. ஆண்டு விழாவுல நீங்கதான் சிறப்புரை. ஹிஸ்டரில எது வேணாலும் பேசுங்க. பாலிடிக்ஸ் மட்டும் வேணாம்.”

“இருநூறு வருஷத்துக்கு முந்தின அமெரிக்கா பரவால்லையா, பாய்?”

“சூப்பர்! அதுல யாருக்கு என்ன பிரச்சனை?”

ஆண்டு விழாவில் கூடம் நிறைந்திருந்தது. நஃபீசா காகிதம் எதுவும் இல்லாமல் பேசினாள்.

“அமெரிக்கா தனிநாடான புதிதில் சட்டமன்றத்துக்குப் போனவர் ஹாப்வெல். யாரையும் பகைக்காதவர் என்பதற்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்கும் போனார். அடிமை வியாபாரத்தைத் தடை செய்யலாமா என்று வாக்கெடுப்பு வந்தது. ஹாப்வெல்லுக்குப் பல்வலி. பூர்வகுடிகளின் நிலத்தைப் பிடுங்கலாமா என்று வந்தது. மகளுக்குக் கல்யாணம். பிரிட்டனோடு போருக்குப் போகலாமா என்று வந்தது. குதிரைக்குக் கால் நொண்டிவிட்டது.”

கூடம் சிரித்தது. ஃபாரூக்கும் சிரித்தார்.

“அவர் கெட்டவர் அல்லர். கெட்டவன்கூட ஏதாவது ஒரு பக்கம் நிற்பான். அடிமைகளை விற்றவர்கள் விருந்துக்கு அழைத்தார்கள், விற்கக் கூடாது என்றவர்களும் அழைத்தார்கள். இரண்டு வீட்டிலும் வயிறாரச் சாப்பிட்டார். ஒரு தேர்தலிலும் தோற்கவில்லை. அவர் இறந்தபோது இரங்கல் உரை ஆற்ற வந்தவருக்கு, இந்த மனிதர் என்ன செய்தார் என்று சொல்லத் தெரியவில்லை. குரல் இனிமையானது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒவ்வொரு தலையாகத் தலைவர் பக்கம் திரும்பியது. அவர் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவிலிருந்து ருக்கையா எழுந்தாள். பொதுக்கூட்டத்தில் வகுப்பு வேண்டாம் என்று முதலில் கை தூக்கியவள்.

“டீச்சர், அன்னிக்கு நான் வேணாம்னு சொன்னேன். செருப்பை மிதிச்சு நான் விழப் பார்த்தேன், அதான். வாசல்ல ஒரு ரேக் போட்டா எனக்கு ஒண்ணுமில்ல. இப்பவே மறுபடி ஓட்டு எடுங்க.”

இவளோடு சண்டை போடலாம், சமாதானமும் ஆகலாம் என்று நஃபீசாவுக்குத் தோன்றியது.

கைகள் எழுந்தன. ஃபாரூக் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், நாற்காலியில் முழுதாகத் திரும்பிப் பின்வரிசையையும் பார்த்தார். எங்கும் கைகள். அதன் பிறகுதான் அவர் கை எழுந்தது, எல்லோரையும்விட உயரமாக.

“நான் எப்பவுமே இதுக்கு சப்போர்ட்தானே!”

அடுத்த ஞாயிறு வகுப்பு தொடங்கியபோது புகைப்படக்காரரோடு வந்து இறங்கினார். தொழிலாளர்களின் தோள்களில் கை போட்டு நடுவில் நின்றுகொண்டார்.

“டீச்சர், நீங்களும் வாங்க.”

“வேணாம் பாய். சீக்கிரம் எடுத்துட்டுக் கிளம்புங்க. பாடம் நடத்தணும்.”

தொழிலாளர்களுக்குச் சங்கடமாகிவிட்டது. ஃபாரூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. தேங்க்ஸ் டீச்சர் என்று சொல்லிச் சிரித்தபடி போனார். ஓர் அவமானம்கூட ஒட்டாத அந்த முதுகைக் கதவுவரை பார்த்துவிட்டு, நஃபீசா பலகையைத் துடைத்தாள்.