லீவு நாள் மாத்திரை

ஏசுராஜ் அந்தச் சீட்டை நாலாக மடித்து, கண்ணாடி மேஜைக்குக் கீழே கையை வைத்துத்தான் நீட்டினான். வெளியே சொல்ல வெட்கப்படும் சாமான் கேட்டு வருகிறவர்கள்தான் எங்கள் கடையில் அப்படி, மற்றவர்கள் போகட்டும் என்று ஓரமாக நிற்பார்கள். இவனுக்கு என்ன வந்தது என்று வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். திருவல்லிக்கேணி டாக்டர் ஒருவரின் சீட்டு. டுமிங்குப்பத்தில் குடியிருப்பவன், யாருக்கும் தெரியக்கூடாது என்று அவ்வளவு தூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். வலிப்பு மாத்திரை, ராத்திரி ஒன்று, ஒரு மாசத்துக்கு.

தொண்ணூற்றாறு ஜூன், பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம். மந்தைவெளியில் நான் மருந்துக் கடை கவுண்டரில் நிற்கிறவன். என் மகள் மஹதி அடையாறில் ஒரு கான்வென்ட்டில் ஆறாவது படித்தாள். ஏசுராஜின் ஆட்டோவில்தான் போக வர. சாயங்காலம் மற்றப் பிள்ளைகளை எல்லாம் அவரவர் வீட்டில் இறக்கிவிட்டு, கடைசியாக இவளைக் கடையில் கொண்டுவந்து விடுவான். என் மனைவி ஆபீஸ் விட்டு வரும்வரை மஹதி கவுண்டருக்குள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அன்றைக்கும் உட்கார்ந்திருந்தாள். பென்சில் சீவிக்கொண்டிருந்தாள் என்றுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மாத்திரையைக் கத்தரித்துக் கவரில் போட்டுத் தள்ளிவிடுகிற ஜாதி இல்லை நான். பட்டையைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இங்கிலீஷில் போட்டிருப்பதை மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்து, தமிழில் சொல்லித்தான் கொடுப்பேன். பாலோடு சாப்பிடாதே, வெறும் வயிற்றில் போடாதே, வெயிலில் வைக்காதே. ஜனங்களும் "ராகவேந்திரன் சார் கிட்ட வாங்கினா டாக்டர் கிட்ட ரெண்டாந்தரம் போக வாணாம்" என்பார்கள். அதைக் கேட்கக் கேட்க எனக்கு உச்சி குளிரும். ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவனுக்கு அதைவிட வேறென்ன கூலி வேண்டும்.

முழுசாக வாங்க அவனுக்குத் தோதுப்படவில்லை, பத்து போதும் என்றான். ஒரு பட்டையை எடுத்து, திருப்பி, வழக்கம்போலப் படித்தேன். தூக்கக் கலக்கம் உண்டாகும், வாகனம் ஓட்டக்கூடாது. படித்ததும் பட்டையை அவனிடம் நீட்டாமல் நிறுத்திக்கொண்டேன். எட்டுக் குழந்தைகள் ஏறுகிற வண்டி.

"ஏசு, இது போட்டுண்டா தூக்கம் வரும். வண்டி ஓட்டப்படாதுன்னு போட்டிருக்கான். என் கொழந்தை உன் வண்டியில வரா."

அவன் முகம் செத்துப் போயிற்று. வலிப்பு வந்தது இரண்டே தடவைதான், இரண்டும் வீட்டில், தூக்கத்தில்தான் என்று மெதுவாகச் சொன்னான். வலிப்பு என்று தெரிந்தால் படகில் ஏற்ற மாட்டார்கள் என்றுதான் கடலை விட்டுவிட்டு ஆட்டோவுக்கு வந்தானாம். பிறகு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான்.

"அப்ப ஸ்கூல் இல்லாத நாளுக்குப் போட்டுக்கறேன் சார். வெள்ளி நைட்டு ஒண்ணு, சனி நைட்டு ஒண்ணு. வண்டி எடுக்கற நாள்ல தொடவே மாட்டேன். மாதா மேல சத்தியம்."

டாக்டரைக் கேட்டுக்கொண்டு வா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஒரு வாக்கியம் தொண்டையில் நிற்கிறது. ஏன் சொல்லவில்லை என்றும் எனக்குத் தெரியும். டாக்டர் வண்டியே ஓட்டாதே என்பார், இவன் நின்றுவிடுவான், நடு வருஷத்தில் நான் இன்னொரு ஆட்டோவுக்கு எங்கே போவேன்? அதுவும் இவனைப் போல ஒருத்தன், குழந்தைகளைக் கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவிடுகிறவன். அவன் சொன்ன கணக்கு எனக்கும் சௌகரியமாக இருந்தது. வாரம் இரண்டு மாத்திரை உள்ளே போனால் வியாதிக்கும் ஆயிற்று, வண்டிக்கும் ஆயிற்று. "பேஷா பண்ணு" என்றேன். மஹதி பென்சில் சீவுவதை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

பத்து மாத்திரை ஐந்து வாரம் வந்தது. மருந்துக் கடையில் இருபது வருஷம் நின்றவனுக்கு அது உறுத்தியிருக்க வேண்டாமா? ஜூலை நடுவில் அவன் மறுபடி பத்து வாங்க வந்தபோது, பரவாயில்லை, பேச்சு மாறாத ஆள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரமே மஹதி ஒரு சமாசாரம் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் ஆட்டோ அங்கிள் வண்டியை எடுக்கவில்லையாம். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், இவர் பாட்டுக்கு நேரே பார்த்தபடி வாயை மட்டும் எதையோ மெல்லுகிற மாதிரி அசைத்துக்கொண்டு இருந்தாராம். அனன்யா "அங்கிள் ஸ்டாச்சு ஆயிட்டார்" என்று கத்த, எல்லாரும் சிரிக்க, அவளே விளையாட்டில் சொல்கிற மாதிரி "ஸ்டாச்சு, ரிலீஸ்!" என்று முதுகில் தட்டினாளாம். அவள் தட்டியதும் அங்கிள் விழித்து வண்டியை எடுத்தாராம். அனன்யா இரண்டாங் கிளாஸ். மஹதி பக்கத்தில்தான் உட்காருவாள், ஷூ லேஸ் அவிழ்ந்தால் இவள்தான் கட்டிவிட வேண்டும்.

எனக்குச் சுருக்கென்றது. தூக்கம்! மாத்திரையைப் போட்டுக்கொண்டு வண்டி எடுத்திருக்கிறான் ராஸ்கல் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். அதுவே ஒரு வகை வலிப்பாக இருக்கலாம் என்று என் புத்திக்கு எட்டவில்லை. மறுநாள் சாயங்காலம் அவன் வந்ததும், கடையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் வாங்கு வாங்கென்று வாங்கினேன். பெற்றவர்கள் நம்பி அனுப்புகிறோம், சிக்னலில் தூங்குகிறாயா, நான் படித்துப் படித்துச் சொன்னேனே என்று. அவனுக்கு அப்படி நடந்ததே தெரிந்திருக்கவில்லை. திருதிருவென்று விழித்தான். சனிக்கிழமைக்கு அப்புறம் தொடவில்லை சார், தொடவில்லை சார் என்று அதையே சொன்னான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"அந்த ரெண்டும் வாணாம் சார். பச்சப் புள்ளிங்க வர்ற வண்டி. சுத்தமா வுட்டுர்றேன்."

"அதான் நல்லது" என்றேன்.

இந்த வாயால்தான் சொன்னேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன், நான் கவனிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று.

ஆகஸ்ட் இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, எட்டே கால். கிரீன்வேஸ் சாலையில் மந்திரிகள் பங்களா வரிசையில் வண்டி பிரேக்கே போடாமல் நேராகப் போய் மரத்தில் மோதியது. யாரோ ஆள் வந்து சொல்லி, நான் கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடினேன். போவதற்குள் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ரோடு முழுக்க டிபன் டப்பாக்கள், தயிர் சாதம். முதலில் ஜனங்கள் அவனைப் போட்டு அடித்திருக்கிறார்கள். குடித்துவிட்டு ஓட்டினான் என்று நினைத்து அடித்தவர்கள், வாயில் நுரை தள்ளி கை கால் இழுப்பதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார்களாம். யாரோ அவசரத்தில் தன் ஸ்கூட்டர் சாவிக் கொத்தை அவன் கையில் திணித்திருந்தார். நான் பார்க்கும்போது இழுப்பு நின்று, சாவியை இறுக்கிப் பிடித்தபடி பிளாட்பாரத்தில் கிடந்தான். ஸ்கூட்டர்காரர் ஆபீசுக்கு நேரமாகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

மஹதிக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. அனன்யா பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மஹதிக்கு மாவுக்கட்டு போடும்போது அவள் அழவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கட்டு போட்டுக்கொண்டிருந்த டாக்டரிடம் திடீரென்று கேட்டாள், வலிப்பு மாத்திரையை நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று. அவர் யாருக்கு, ஏன் என்று கேட்காமல், வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். நிறுத்தவே கூடாதம்மா, டக்கென்று நிறுத்தினால் முன்னைவிட ஜாஸ்தியாக வரும், நாள் தவறாமல் போட்டுக்கொண்டால்தான் அடங்கி இருக்கும் என்று. நான் அவள் தலைமாட்டில் நின்றிருந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தார். அவன் சட்டைப் பையில் மாத்திரைப் பட்டை கிடைத்திருக்கிறது. பத்தில் இரண்டுதான் குறைந்திருந்தது. ஒரு மாசத்துக்கு முன்னால் வாங்கிய பட்டை. அந்தக் கணக்கை அவர் பார்க்கவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டக்கூடாது என்று அவனுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டு தடவை சொன்னேன் சார்" என்றேன். "எல்லார் முன்னாடியும் சொன்னேன்."

எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. பேப்பரில் மாத்திரை மயக்கத்தில் ஓட்டிய டிரைவர் என்று வந்தது. பத்தாம் நாள் காரியம் முடிந்து அனன்யாவின் அப்பா கடைக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒருத்தராவது அவனுக்குப் புத்தி சொன்னேளே" என்று அழுதார். அவர் கை என் கையில் இருந்த நேரம் முழுக்க, பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று நின்றேன். அது எங்கே பிளக்கிறது. அவர் போன பிறகு அடுத்த ஆளுக்கு இருமல் டானிக் எடுத்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு மத்தியானம் காவேரி வந்தாள். ஏசுராஜின் மனைவி. மீன் கூடையைப் படிக்குக் கீழேயே வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஏறி வந்து தான் யார் என்று சொன்னாள். அவள் நீட்டிய சீட்டைப் பிரிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, அதே திருவல்லிக்கேணி டாக்டர் சீட்டு, அதே நாலு மடிப்பு. ஜெயிலில் இரண்டு தரம் வலிப்பு வந்துவிட்டதாம், மாத்திரை இருந்தால் கொண்டுவந்து கொடு என்று வார்டர் சொன்னாராம். கை கட்டோடு பள்ளிக்கூடம் போகாத மஹதி வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். காவேரி அவள் கட்டைப் பார்த்தாள், சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"அவரு உங்க மேல ஒண்ணும் சொல்லல சார். சாரு அன்னிக்கே சொன்னாரு, நான்தான் பாவின்றாரு. அதுக்கு முந்தின மாசம் போட்ட மாத்திர ஒடம்புலயே தங்கிக்கினு, அன்னிக்குப் பாத்து கவுத்துட்ச்சாம். மெய்யா சார்? போட்டதாலயா இப்டி ஆச்சு? நீ படிச்சவரு, சொல்லு."

அவள் வேறு எதற்கும் வரவில்லை. சண்டைக்கு வரவில்லை, என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை. புருஷன் ஒரு குழந்தையைக் கொன்றது எதனால் என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறாள். தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். நானும், ஸ்டூலில் இருக்கிறவளும். சொன்னால் அவனுக்கு வக்கீல் ஏதாவது பேசலாம். சொன்னால் அனன்யாவின் அப்பா இந்தப் படி ஏறி வந்து பிடித்த கையை நான் என்ன செய்வது?

"அதெல்லாம் டாக்டரைத்தான் கேக்கணும்மா" என்றேன்.

ஜூன் மாசம் வராத வாக்கியம், இப்போது எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கொஞ்சம் யோசித்து, "ஜெயில்ல வண்டியா ஓட்டப் போறாரு. அங்க தெனம் போடலாமில்ல?" என்றாள்.

போடலாம் என்று தலையசைத்தேன். ஒரு மாசத்துக்கும் சேர்த்து மூன்று பட்டைகளை எடுத்து வைத்தேன். கவருக்குக் கை நீட்டினால் மஹதி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பேனாவை இடது கையில் பிடித்து எழுதினாள். இடது கையில் எழுதி அவளுக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டு, முதல் கிளாஸ் பிள்ளை மாதிரி கோணல் மாணலாக, பெரிசு பெரிசாக எழுதினாள். காவேரி பொறுமையாகக் காத்திருந்தாள். மருந்துக் கடையில் கவர் மேல் எழுதிக் கொடுப்பது சகஜம்தானே.

மாத்திரையை உள்ளே போட்டு மஹதியே அவளிடம் நீட்டினாள். காவேரி வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.

"எனுக்குப் படிக்கத் தெரியாது பாப்பா. இன்னா எழுதிக்கீது?"

"அப்பா படிப்பார்" என்றாள் மஹதி.

காவேரி கவரைத் திருப்பி என் பக்கம் மேஜை மேல் வைத்தாள். 'தினமும் ஒன்று. ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. நிறுத்தினதால்தான்' என்பதுவரைதான் எழுதியிருந்தாள்; இடம் போதாமல் கடைசி எழுத்துகள் ஓரத்தில் நெருக்கியடித்து இறங்கியிருந்தன. மை இன்னும் காயவில்லை. இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டேன்.